ரீலைக் கவுக்காதீங்க சாமி, ஹேண்டிலை மாத்துங்க!

பி.காம் படிக்கிற பயலுக்கு மீன்பிடிக்கிற ரீல்ல என்ன வேலைன்னு கேட்கிறவங்க இப்பவே எழுந்து போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். போன தடவை தேய்மானத்தைப் பத்தி எழுதி நாலு பேரைத் தூங்க வச்ச பாவத்துக்கு, இந்தத் தடவை கொஞ்சம் சண்டை போடலாம்னு உத்தேசம். சண்டை யாரோடன்னா, என் சொந்தப் பெரியப்பாவோட. அவரை மாதிரி ஏரிக்கரைக்கு ஒருத்தர் இருக்கார்ங்கிறதால இது பொதுப் பிரச்சினைதான்.

எங்க ஊர் உத்திரமேரூர். பெயரைச் சொன்னதும் எல்லாரும் குடவோலைன்னு சொல்வாங்க. சரிதான். பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கு. அதுல ஏரி வாரியம்னு தனியா ஒரு வாரியம் வருது. ஏரியைப் பார்த்துக்கவே ஆள் தேர்ந்தெடுத்த ஊர் சார் இது. ஏரியும் சாமானியம் இல்லை, பல்லவர் காலத்துலயே வயிரமேகத் தடாகம்னு பேர் வாங்கினது. குடத்துல இருந்து ஓலை எடுக்க ஒண்ணும் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிடுவாங்களாம். அவன் வலது கையைத்தான் உள்ள விடணும்னு யாரும் நிபந்தனை போட்டதாத் தெரியலை. இதை ஏன் சொல்றேன்னு கடைசியில புரியும்.

இப்ப அந்த ஏரியில மழைக்கப்புறம் தண்ணி நிறைஞ்சா ஜிலேபி, கெண்டை, கெளுத்தி, கொடி ஓரமா விரால். மீனெல்லாம் குத்தகைக்குப் போயிடும், ஆனா கரையில உட்கார்ந்து தூண்டில் போடுற ரெண்டு கிழவனையும் நாலு பசங்களையும் குத்தகைக்காரர் கண்டுக்க மாட்டார். முக்கால்வாசிப் பேர் கையில மூங்கில் கழி, தங்கூஸ், தக்கை, மண்புழு. அவ்வளவுதான். ரீல் வச்சிருக்கிறவர் எங்க பெரியப்பா மட்டும்தான். சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பார்த்துட்டு 1986ல ஊருக்குத் திரும்பினப்ப கொண்டு வந்த டைவா ஸ்பின்னிங் ரீல். ஜப்பான்காரன் செஞ்சது. உடம்புல பெயின்ட் உரிஞ்சிருக்கே தவிர, பல்சக்கரம் இன்னும் வெண்ணெய் மாதிரி சுத்தும்.

பிரச்சினை என்னன்னா, அதோட ஹேண்டில் இடது பக்கம் இருக்கு.

பெரியப்பா என்ன பண்ணுவார் தெரியுமா? வீசுறப்ப ராடை ஒழுங்கா, ரீல் கீழே தொங்குற மாதிரி பிடிச்சு வீசுவார். தூண்டில் தண்ணியில விழுந்ததும் ராடை அப்படியே ஒரு புரட்டு. ரீல் இப்ப மேலே வந்துடும், ஹேண்டில் வலது பக்கம் வந்துடும். சோத்துக்கையால ஜம்முன்னு சுத்துவார். ஆனா தலைகீழா இருக்கிறதால ஹேண்டிலை முன்பக்கமா சுத்த முடியாது. தன் பக்கமா, பின்னாடி பின்னாடி இழுத்துச் சுத்தணும். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல இப்படித்தான். கேட்டா, “இன்னாடா பீச்சாங்கையிலயா மீனை இழுப்பாங்க?” அப்படிம்பார்.

இது அவர் ஒருத்தரோட கிறுக்குத்தனம்னு நினைச்சேன். அப்புறம் முட்டுக்காடு பக்கம் போனப்ப பார்த்தா, புது ரீல், புது ராடோட வந்த ஐ.டி. கம்பெனி அண்ணன் ஒருத்தரும் அதையே பண்றார்! உலகம் பூரா இந்த வியாதி இருக்கு போல.

இதுல என்ன தப்புன்னு கேட்கிறவங்களுக்கு: ஸ்பின்னிங் ராடுல வளையமெல்லாம் கீழ்ப்பக்கம் இருக்கும். மீன் இழுத்து ராடு வளையுறப்ப தங்கூஸ் ராடை விட்டு விலகி நிக்கும். கவுத்துப் பிடிச்சா வளையம் மேலே வந்துடும், பாரம் ஏற ஏற தங்கூஸ் ராடு மேலயே உரசும். ரீலோட எடையும் மேலே இருக்கிறதால அது எப்பவும் கீழே உருளத்தான் பார்க்கும். மணிக்கட்டு அதை நிறுத்திப் பிடிச்சிக்கிட்டே இருக்கணும். இது போக, வீசினதுக்கும் சுத்த ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல ஒரு புரட்டு புரட்டுறார் பாருங்க, அந்த ஒரு நொடி போதும் விராலுக்கு. அடிச்ச வேகத்துல ஆம்பல் கொடிக்குள்ள புகுந்துடும். அப்புறம் கரையில நின்னுக்கிட்டு “தங்கூஸ் சரியில்ல”ன்னு கடைக்காரனைத் திட்டுறது. தங்கூஸ் என்ன பண்ணும் பாவம்?

சரி, இடது பக்க ஹேண்டில்னா இடது கைக்காரனுக்குன்னு செஞ்சதா? அங்கதான் மொத்த ஊரும் தப்புக் கணக்குப் போடுது. அது வலது கைக்காரனுக்குன்னு செஞ்சது! வலது கையில ராடைப் பிடிச்சு வீசு, வலது கையிலயே மீனோட பாரத்தைத் தாங்கு, சும்மா இருக்கிற இடது கையால சுத்து. கையை மாத்தவே வேண்டாம். பலமும் நிதானமும் வேண்டியது ராடு பிடிக்கிற வேலைக்குத்தான். சுத்துறது கிணத்து ராட்டினம் மாதிரி, யார் வேணா செய்யலாம். இதே கணக்குல பார்த்தா, இடது கையால வீசுறவனுக்குத்தான் ஹேண்டில் வலது பக்கம் இருக்கணும்.

“முக்கியமான வேலையை வலது கை செய்யும்”னு சொல்றவங்க வீணையைப் பார்த்ததில்லையா? வலது கை மீட்டுது, சரி. மெட்டு மேல தந்தியை அழுத்தி, இழுத்து, கமகம் வர வைக்கிறது எந்தக் கை? கிரிக்கெட்டுக்கு வந்தா இன்னும் வேடிக்கை. சச்சின் எழுதுறது இடது கையில, பேட் பிடிக்கிறது வலது கைக்காரரா. கங்குலி அப்படியே உல்டா. எந்தக் கைக்கு எந்த வேலைங்கிறது அந்தந்தக் கருவியைப் பொறுத்தது. சோறு தின்கிற கையை வச்சு உலகத்துல இருக்கிற எல்லா மெஷினுக்கும் சட்டம் போட முடியாது.

ஆனா பெரியவங்க பழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, அதைச் சொல்லாட்டி நியாயம் இல்லை. ஸ்பின்னிங் ரீல் வர்றதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் தங்கூஸோட சேர்ந்து உருளையே சுத்துற ரீல். மெட்ராஸ் மாகாணத்துல அதிகாரியா இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு வெள்ளைக்காரர், நம்ம ஏரி, குளத்துல தூண்டில் போடுறதைப் பத்தி மட்டுமே 1887ல ஒரு புஸ்தகம் போட்டார், ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ன்னு. அந்தக் காலத்துல ஸ்பின்னிங் ரீலே கிடையாது. அந்தப் பழைய ரகங்கள்ல, மல்டிப்ளையர்லயும் சேர்த்து, பெரும்பாலும் வலது பக்கம்தான் ஹேண்டில். வீசிட்டு கையை மாத்திக்குவாங்க. அந்தப் பழக்கம் தலைமுறை தாண்டி வந்திருக்கு.

ஸ்பின்னிங் ரீல் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா காஞ்சிபுரத்துக்காரங்க சந்தோஷப்படுவீங்க. நெசவுல இருந்து! இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுன்னு கம்பளி மில் ஊர். அங்க ஜவுளித் தொழில்ல இருந்த இல்லிங்வொர்த் 1905ல காப்புரிமை வாங்கினார். விசைத்தறி நாடாவுக்குள்ள இருக்கிற தாரைப் பார்த்தவங்களுக்கு உடனே புரியும். தார் சுத்தாது, நூல் மட்டும் அதோட நுனி வழியா உருவிக்கிட்டு வரும். அதேதான் ஸ்பின்னிங் ரீல். வீசுறப்ப ஸ்பூல் சும்மா நிக்கும், தங்கூஸ் மட்டும் வளையம் வளையமா உருவிக்கிட்டுப் போகும். திரும்பச் சுத்துறப்ப ரோட்டர் ஸ்பூலைச் சுத்தி வந்து தங்கூஸைப் போர்த்தும். அதனாலதான் லேசான தூண்டிலைக்கூட தூரமா வீச முடியுது, சிக்கலும் கம்மி.

இப்ப முக்கியமான கட்டம். “ஹேண்டிலை அந்தப் பக்கம் மாத்தினா ரீல் உல்டாவா சுத்தும்டா, தங்கூஸ் எல்லாம் அவுந்துடும்.” இது பெரியப்பாவோட ரெண்டாவது ஆயுதம். தப்பு. ரீலோட உடம்புக்குள்ள ஒரு தண்டு குறுக்கே போகுது. அதுல பல்சக்கரம். அந்தத் தண்டை இடது பக்கம் நின்னு முன்னால சுத்தினாலும், வலது பக்கம் நின்னு முன்னால சுத்தினாலும் அது ஒரே திசையிலதான் சுத்தும். சைக்கிள் ஓட்டுறீங்கல்ல? வலது காலால மிதிச்சா முன்னால போற சைக்கிள், இடது காலால மிதிச்சா பின்னால போகுதா? முடிஞ்சது விஷயம். ரோட்டர் மாறாது, தங்கூஸ் மாறாது, பின்னால சுத்த விடாம தடுக்கிற பூட்டும் மாறாது. மாறுறது ஹேண்டில் மட்டும்தான்.

எல்லாப் பழைய ரீலுக்கும் இது பொருந்துமான்னா, பொருந்தாது. இங்கதான் ஆத்திரக்காரன் அவசரப்படக் கூடாது. பழைய ரீல்கள்லயே ராஜான்னு சொல்ற மிட்செல் 300ஐ எடுத்துக்குங்க. பிரான்சுல க்ளூஸ்னு கடிகார உதிரிபாகம் செய்யிற ஊர்ல, கார்பானோ அண்ட் போன்ஸ் கம்பெனி செஞ்சது. அதுல ஹேண்டில் இடது பக்கம் மட்டும்தான். மறுபக்கம் ஓட்டையே கிடையாது. இடது கைக்காரன் என்ன செய்வான்? அவனுக்குன்னு கண்ணாடியில பார்த்த மாதிரி தனியா ஒரு ரீல், நம்பர் 301. அதே மாதிரி 302க்கு 303, 308க்கு 309. இரட்டைப்படை வலது கைக்காரனுக்கு, ஒற்றைப்படை இடது கைக்காரனுக்கு. இதுல ஒரு மரியாதை இருக்கு பாருங்க. உலகத்துல பத்துல ஒருத்தர்தான் இடது கைக்காரர். ஆனாலும் அந்தப் பத்துல ஒருத்தருக்காக தனியா அச்சு வார்த்து, தனியா நம்பர் போட்டு வித்திருக்கான் ஒரு வியாபாரி. லாபம் பார்க்கிறவனுக்கே தோணினது நம்ம ஊர் பெருசுங்களுக்குத் தோணலை.

அதனால உங்க கையில மிட்செல் 300 இருந்தா தயவுசெஞ்சு டிரில்லிங் மெஷினைத் தூக்காதீங்க. ஒண்ணு இடது கையால சுத்தக் கத்துக்குங்க (ஒரு வாரம் போதும், சத்தியமா), இல்லைன்னா 301 தேடுங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு. பழைய பொருள் சேர்க்கிறவங்க. “விண்டேஜ் பொருள்ல கை வைக்காதே, ஒரிஜினல் போயிடும், மதிப்பு போயிடும்.” ஐயா, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் மாட்டுற மாதிரி செஞ்சவனே அந்தக் கம்பெனிக்காரன்தான். அவன் விட்ட ஓட்டையில அவன் செஞ்ச தண்டைச் சொருகினா ஒரிஜினல் எப்படிப் போகும்? நேர்க்கோட்டு முறையில தேய்மானம் போட்டா பெரியப்பா ரீலோட ஏட்டு மதிப்பு நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே பூஜ்யம். மிச்சம் இருக்கிறது எறிமதிப்பு. அதைப் பரண்ல வச்சுப் பூஜை பண்ணினா எறிமதிப்பாவே இருக்கும். ஏரிக்குக் கொண்டு போனா மீன்.

போன பொங்கல் லீவுல, பெரியப்பாவுக்குத் தெரியாம, ரீலை எடுத்துக்கிட்டு பஜார்ல ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். (கடை பேர் வேண்டாம், நாளைக்கும் பஞ்சர் ஒட்ட அங்கதான் போகணும்.) ஹேண்டிலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு திருகு இருந்துச்சு. அதைக் கழட்டினா ஹேண்டில் தண்டோட உருவிக்கிட்டு வந்துடும், மறுபக்கம் சொருகிட்டு திருகை இந்தப் பக்கம் போடணும். அவ்வளவுதான் வேலை. கடைக்காரர் ஸ்பேனரை மாட்டி வழக்கம்போல இடது பக்கமா ஒரு முறுக்கு முறுக்கினார். அசையலை. இன்னும் ஒரு முறுக்கு. டக்குன்னு ஒரு சத்தம். என் உயிரே போயிடுச்சு. நல்லவேளை, திருகோட தலையில ஒரு ஓரம் மட்டும் சிராய்ச்சிருந்தது. “துருப்பிடிச்சிருக்கு தம்பி, அறுத்துதான் எடுக்கணும், பேசாம புதுசு வாங்கிக்கோ”ன்னுட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிச்சப்பதான் உறைச்சது. அது எதிர் மரை! ஹேண்டில் இடது பக்கம் இருக்கிறப்ப வலது பக்கத் திருகு சுத்தச் சுத்த, உரசல்ல தானா இளகிடக் கூடாதுங்கிறதுக்காக மரையைத் தலைகீழா வெட்டியிருக்கான். அதாவது இறுக்குற திசையில திருப்பினா கழளும். சைக்கிள்ல இடது பெடல் மரை இப்படித்தான் இருக்கும். மேஜை ஃபேன் இறக்கையை இறுக்குற மூடியும் இப்படித்தான். தினம் பத்து பெடல் மாட்டுற மனுஷன் அதை ஒரு நிமிஷம் யோசிக்கலை பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ராத்திரி பூரா ஊற வச்சு, காலையில வலது பக்கமா திருப்பினேன். சமர்த்தா வந்துடுச்சு.

(வேற ரகமும் உண்டு. ஹேண்டிலையே நேரா ரீலுக்குள்ள திருகுற மாதிரி. அதுல ஹேண்டில் தண்டுல ரெண்டு மரை இருக்கும், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, ஒண்ணு நேர் மரை ஒண்ணு எதிர் மரை. இடது பக்கம் மாட்டினா எதிர் மரை பிடிக்கும், வலது பக்கம் மாட்டினா நேர் மரை. எந்தப் பக்கம் மாட்டினாலும் மீனைச் சுத்தி இழுக்கிறப்ப ஹேண்டில் இறுகத்தான் செய்யும். கழட்டணும்னா ரோட்டரை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலைப் பின்னால திருப்புங்க. பலம் காட்டாதீங்க. வரலைன்னா நீங்க தப்பான பக்கம் திருப்புறீங்கன்னு அர்த்தம்.)

எதுக்கு இவ்வளவு பாடு? எனக்காக இல்லை. நான் வலது கைக்காரன், இடது பக்க ஹேண்டில்தான் எனக்கு வசதி. அக்கா பையனுக்காக. ஏழு வயசு. இடது கைக்காரன். எழுதுறது, கல்லு விடுறது, பம்பரம், எல்லாம் இடது. ஸ்கூல்ல இப்ப யாரும் அடிக்கிறதில்லை, அந்த மட்டும் காலம் மாறியிருக்கு. ஏரிக்கரையில மாறலை. அவன் இடது கையால வீசுறப்பல்லாம் பெரியப்பா, “பீச்சாங்கைப் பய, கையை மாத்துடா, மீன் வருமா?”ன்னு கத்துவார். ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்திருந்த பெருசுங்க எல்லாம் சேர்ந்து சிரிச்சாங்க. அன்னிக்கு ராடைக் கீழே போட்டுட்டுப் போனவன்தான், மூணு மாசம் ஏரிப் பக்கமே வரலை. கூப்பிட்டா ஹோம்வொர்க்னு சொல்வான். ஏழு வயசுப் பையன் லீவுல ஹோம்வொர்க்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

பழனி சுப்பிரமணிய பிள்ளைன்னு ஒரு மிருதங்க மேதை, 1962ல காலமானவர். இடது கைக்காரர். மிருதங்கத்தைத் திருப்பி வச்சு, வலந்தலையை இடது கையால வாசிச்சார். அதுக்காக மேடையில உட்கார்ற இடத்தையே மாத்த வேண்டியிருந்தது. அதனாலயே அவருக்கு வாய்ப்பு தட்டிப் போன காலம் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் மாதிரி பெரிய மனசுக்காரங்க ஆதரிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, மேடையில ரெண்டு பேர் இடம் மாறி உட்கார மனசு வராததுக்காக அந்தக் கையை நாம இழந்திருக்கலாம். மிருதங்கத்தைத் திருப்பி வைக்கிறதுக்கும் ரீல் ஹேண்டிலை மாத்துறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கருவி கைக்கு இணங்கணும். அதுக்கு ஒரு திருகு கழட்டினா போதும்னா, அதைக்கூட செய்யாம ஒரு குழந்தையோட கையைத் திருகுறது என்ன பெரிய மனுஷத்தனம்?

நம்ம ஆளுங்களுக்கு வலது, இடதுன்னா ஒரு வெறி உண்டு. வலங்கைச் சாதி, இடங்கைச் சாதின்னு பிரிஞ்சு, எந்தத் தெருவுல யார் ஊர்வலம் போறதுன்னு மெட்ராஸ்ல 1652லயும் 1707லயும் வெட்டுக்குத்து நடந்திருக்கு. அதுக்கும் ரீலுக்கும் முடிச்சுப் போடாதேன்னு சொல்வீங்க. போடலை. சும்மா ஞாபகம் வந்துச்சு.

ஹேண்டில் வலது பக்கம் மாறின ரீலை ஞாயித்துக்கிழமை ஏரிக்குக் கொண்டு போனேன், பையனைக் கெஞ்சிக் கூட்டிக்கிட்டு. பெரியப்பா பார்த்ததும் ஒரு ஆட்டம் ஆடினார். “கம்பெனிக்காரன் வச்ச எடத்துலருந்து எவன்டா புடுங்கினது?” நான் பதில் பேசாம அவர் கையிலயே முதல்ல கொடுத்தேன். வீசினார். பழக்க தோஷத்துல ராடைப் புரட்டினார். ஹேண்டில் இடது பக்கம் போயிடுச்சு! முழிச்சார். திரும்பப் புரட்டினார். ராடை இடது கைக்கு மாத்திக்கிட்டு, வலது கையால, முதல் தடவையா ரீலை நேரா வச்சு முன்பக்கமா சுத்தினார். ஒண்ணும் சொல்லலை. நாலு தடவை வீசினார், நாலு தடவையும் ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் பையன் கையில போச்சு. இடது கையால வீசினான், தூண்டில் தண்ணியில விழுந்த உடனே வலது கையால சுத்த ஆரம்பிச்சுட்டான். கை மாத்தல் கிடையாது, புரட்டல் கிடையாது. பெரியப்பா அதைக் கவனிச்சார். கவனிக்காத மாதிரி பீடி பத்த வச்சார். அரை மணி நேரத்துல மூணு ஜிலேபி. விரல் நீளம்தான், ஆனா மூணு. மூணாவதுக்கு முள்ளைக் கழட்ட பெரியப்பாவே எழுந்து வந்தார். “ராடை இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிடா”ன்னார். எந்தக் கையாலன்னு சொல்லலை.

இன்னமும் அவர் ஒத்துக்கலை. தங்கூஸ் புதுசு, அதனாலதான் மீன் விழுந்துச்சுங்கிறார். ரீல் இப்ப பையன்கிட்டதான் இருக்கு. சைக்கிள் கடையில சிராய்ச்ச திருகுத் தலையில விரல் கீறாம இருக்க ஒரு ரெனால்ட்ஸ் பேனா மூடியை வெட்டிச் சொருகியிருக்கேன். நீல கலர். விண்டேஜ் கோஷ்டிக்கு இது தெரிய வேண்டாம் :)